12,000 பிடியூ இன்வெர்ட்டர் ஏசி: கொழும்புப் புழுக்கத்தில் எப்படி உழைக்கிறது?

காலி வீதியில் எந்த ஷோரூமுக்குள் நுழைந்தாலும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் எந்தக் கடையில் விசாரித்தாலும், படுக்கையறைக்கு ஏசி என்றதும் காட்டுவது அநேகமாக ஒன்றைத்தான்: சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட், 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு), இன்வெர்ட்டர், ஆர் 32 காஸ் (குழாய்க்குள் சுற்றி வெப்பத்தை வெளியேற்றும் வாயு). பெயரும் விலையும் மாறும். உள்ளே இருக்கும் யந்திரம் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் ஒரு பிராண்டை மட்டும் எடுத்து நிறை குறை சொல்லாமல், இந்த வகை ஏசியையே கொழும்பு வீட்டில் வைத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 12 அடிக்கு 14 அடி அறைக்கு இது நல்ல பொருள், தைரியமாக வாங்கலாம். ஆனால் அதோடு சேர்த்துத் தரப்படும் 'இலவச ஃபிட்டிங்' பல இடங்களில் அந்த நல்ல பொருளின் ஆயுளைப் பாதியாக்கிவிடுகிறது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வாங்குமுன் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறை வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்; 9,000 போதும்.

கொழும்பில் ஏசிக்கு உண்மையான வேலை என்ன என்பதிலிருந்துதான் இந்த மதிப்பீடு தொடங்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் 12,000 பிடியூ, அதாவது 3.5 கிலோவொட், வெளியே 35 பாகை செல்சியஸ், அறைக்குள் 27 பாகை, அறையின் ஈரப்பதன் 50 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்ற நிலையில் அளக்கப்பட்ட எண். கொழும்பில் 35 பாகை அபூர்வம்; பகல் உச்சம் பெரும்பாலும் 30, 32 பாகையில் நின்றுவிடும். எனவே வெப்பத்தைப் பொறுத்தவரை யந்திரத்துக்கு இங்கே சுலபமான வாழ்க்கை. கஷ்டம் ஈரத்தில். வெளியே 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருக்கும் ஒரு மாலையில் ஒரு கிலோ காற்றில் 21 கிராமுக்கு மேல் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். 25 பாகையில் 55 சதவீதம் என்ற சுகமான அறையில் அதே ஒரு கிலோ காற்றில் இருப்பது 11 கிராம். மிச்சம் 10 கிராமையும் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளான கொயில்தான் பிடித்து, சொட்டாக்கி, குழாய் வழியே வெளியே அனுப்ப வேண்டும்.

ஒரு லீற்றர் நீரை ஆவியிலிருந்து சொட்டாக்க ஏறக்குறைய 2,450 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். மணிக்கு ஒரு லீற்றர் என்றால் அது 0.68 கிலோவொட். மணிக்கு ஒன்றரை லீற்றர் வடியும் நேரத்தில் 3.5 கிலோவொட்டில் ஒரு கிலோவொட் தண்ணீருக்கே போய்விடுகிறது. "போட்டு அரை மணித்தியாலம் ஆகியும் குளிரவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். யந்திரம் முதலில் புழுக்கத்தை உலர்த்துகிறது, பிறகுதான் வெப்பமானி இறங்குகிறது. நவீன ஏசி பிறந்ததே இந்த வேலைக்குத்தான். 1902இல் வில்லிஸ் கரியர் நியூயோர்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு முதல் யந்திரத்தை வடிவமைத்தது, ஈரத்தில் தாள் ஊதி அச்சு நிறங்கள் விலகிப்போவதைத் தடுக்க.

இந்த இடத்தில் இன்வெர்ட்டர் வகைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பழைய வகை ஏசியில், காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசருக்குத் தெரிந்தது இரண்டு நிலை மட்டும்: முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். அறை குளிர்ந்ததும் அது நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடும். கொயிலில் ஒட்டியிருந்த நீர் திரும்ப அறைக்குள் ஆவியாகும். குளிர்ந்த புழுக்கம் என்று சொல்லக்கூடிய அந்தப் பிசுபிசுப்பு அப்படித்தான் வந்தது. இன்வெர்ட்டர் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை நேரோட்டமாக்கி, பிறகு வேண்டிய அதிர்வெண்ணில் மறுபடி மாற்றிக் கொம்பிரசருக்குக் கொடுக்கிறது. அறை குளிர்ந்தபின் கொம்பிரசர் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும்; கொயில் குளிர்ந்தபடியே இருக்கும்; நீர் வடிந்தபடியே இருக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விபரத் தாளில் கொள்ளளவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் சிறிய எழுத்தில் இருக்கும்: குறைந்தபட்சம், கூடியபட்சம். ஒன்றில் 0.9 முதல் 4.0 கிலோவொட் வரை, இன்னொன்றில் 1.6 முதல் 3.8 வரை என்று இருந்தால் முதலாவதை எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். இரவு இரண்டு மணிக்கு ஒரு படுக்கையறைக்குத் தேவைப்படுவது ஒரு கிலோவொட் அளவுதான். 1.6க்குக் கீழே இறங்கத் தெரியாத யந்திரம் அந்த நேரத்தில் பழைய வகையைப் போலவே நின்று நின்றுதான் ஓடும். சின்ன அறைக்குப் பெரிய ஏசி வாங்கினால் நடப்பதும் இதே. அளவுக்கு ஒரு கைக்கணக்கு: இடைமாடி அறைக்குச் சதுர அடிக்கு 65 முதல் 75 பிடியூ, மேலே நேராக வெயில் படும் கொங்கிறீற் தட்டு இருந்தால் 90 முதல் 100. 168 சதுர அடி இடைமாடி அறைக்கு 12,000 சரியாகப் பொருந்தும். அதே அறை மேல்மாடியில் மேற்குப் பக்கச் சுவரோடு இருந்தால் திணறும்.

அறையின் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்துப் பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுப் போகக் கம்பித் துவாரம் விட்டிருப்பார்கள். அன்றைக்கு அது புத்தி. ஏசி அறையில் அது நீர் உள்ளே வரும் வாய்க்கால். 12க்கு 14 அடி, 10 அடி உயர அறைக்குள் சுமார் 55 கிலோ காற்று இருக்கிறது. அது ஒருமுறை முழுதாக வெளிக்காற்றோடு மாறினால் அரை லீற்றருக்கு மேல் நீர் உள்ளே வந்துவிடும். அத்துவாரத்தைக் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ போட்டு மூடி, கதவின் அடியில் ரப்பர்ப் பட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஏசி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சீலிங் அடிக்காத ஓட்டுக்கூரை, அஸ்பெஸ்டஸ் கூரை அறைகளுக்கு முதலில் சீலிங் அடியுங்கள், ஏசியைப் பிறகு பார்க்கலாம்.

பொருத்தும் நாள்

ஸ்ப்ளிட் ஏசி தொழிற்சாலையில் முடிந்து வருவதில்லை. உள்ளலகு, வெளியலகு என்று இரண்டு துண்டாக வருகிறது. காஸ் ஓடும் பாதை உங்கள் வீட்டுச் சுவரில்தான் முதல் தடவையாக மூடப்படுகிறது. அந்தப் பாதையில் ஆர் 32 உள்ளலகில் ஏறக்குறைய 10 பார் அழுத்தத்தில் 8 பாகையில் கொதிக்கிறது. வெளியலகில் 28 பார் அழுத்தத்தில் 45 பாகையில் திரவமாகிறது. பழைய ஆர் 22 காஸில் அதே 45 பாகைக்கு 17 பார்தான். அந்தக் காலத்துப் பழக்கத்தில் குழாய் முனையை விரித்து, ஒரு ஸ்பானரால் 'இறுக்கமாக இருக்கிறது' என்று கைக்குத் தோன்றும்வரை திருப்பி விட்டுப்போவது இந்தக் காஸுக்குச் செல்லாது.

சரியாகச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் அருகில் நின்று பாருங்கள். செப்புக் குழாயை ஹக்ஸோ வாளால் அறுக்கக் கூடாது. சுற்றி வெட்டும் கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய முனையின் உட்பக்கம் ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். குழாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சுரண்ட வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் செப்புத் தூள் உள்ளே விழும், பிறகு அது போய்ச் சேருமிடம், காஸின் அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வின் ஊசித் துவாரம். நட்டை முதலிலேயே குழாயில் கோர்த்துவிட்டு, பிறகு முனையைப் பூவாய்போல் விரிக்க வேண்டும். விரித்த முகத்தில் கீறலோ வெடிப்போ இருந்தால் அதை வெட்டியெறிந்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். முகத்தில் கொம்பிரசர் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, முதலில் கையால் மூன்று நான்கு சுற்று. கடைசி இறுக்கம் டோர்க் ரெஞ்சால். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், எட்டில் மூன்று (3/8) அங்குலக் குழாய்க்கு 33 முதல் 42. குறைந்தால் கசியும். கூடினால் பூவாய் நசுங்கி மெலிந்து ஆறு மாதம் கழித்துக் கசியும். அதுதான் மோசமானது, ஏனென்றால் அதற்குள் பொருத்தியவர் உங்கள் நினைவிலேயே இருக்க மாட்டார்.

அடுத்தது வாக்குவம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் முழுதாக உறிஞ்சி எடுப்பது. இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடமும் அதுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியலகின் காஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தள்ளிவிடுவது ஒரு நிமிட வேலை. வாக்குவம் பம்ப் பூட்டுவது குறைந்தது 20, 30 நிமிட வேலை. ஒரே நாளில் நான்கைந்து வீடு முடிக்க வேண்டியவர் எதைத் தெரிவுசெய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றோடு ஈரமும் உள்ளே தங்கிவிடுகிறது. ஆர் 32 யந்திரங்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. சூட்டில் இரண்டும் சேர்ந்து அமிலமாகும். அமிலம் கொம்பிரசர் மோட்டரின் சுற்றுக்கம்பியில் பூசிய காப்பை மெல்ல மெல்ல அரிக்கும். மூன்று நான்கு வருடத்தில் கொம்பிரசர் 'ஷோர்ட்' ஆனது என்று கேள்விப்படும் கதைகளில் சிலவற்றுக்கு வேர் முதல் நாளின் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

எனவே பணம் கட்டுமுன், ரசீதில் எழுதி வாங்க வேண்டிய வாசகம் இது: "வாக்குவம் பம்ப், 500 மைக்ரோனுக்குக் கீழ், பத்து நிமிடம் நிற்க வேண்டும்." மைக்ரோன் என்பது குழாய்க்குள் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தின் அளவு; எண் குறையக் குறைய நல்லது. சாதாரண முள் மீற்றரில் முள் அடியில் நிற்பதைக் காட்டி 'வாக்குவம் வந்துவிட்டது' என்பார்கள். அந்த முள்ளுக்கு 500க்கும் 5,000க்கும் வித்தியாசம் தெரியாது. டிஜிட்டல் மைக்ரோன் மீற்றருக்குத்தான் தெரியும். பம்பை நிறுத்தியபின் எண் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் மிச்சம். இதற்காகத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். முழுக் கொள்முதலிலும் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

குழாய் நீளத்தில் இன்னொரு சிக்கல். இலவசப் பொதியில் வருவது பெரும்பாலும் 10 அடிக் குழாய்; அதற்கு மேல் அடிக் கணக்கில் காசு. அந்தக் காசை மிச்சப்படுத்த வெளியலகைக் கிட்டே, காற்றோட்டமில்லாத பல்கனி மூலையில் அடைக்கிறார்கள். வெளியலகு தான் வெளியேற்றிய சூட்டையே திரும்ப இழுத்தால் பில் ஏறும், கொம்பிரசர் களைக்கும். பின்னால் சுவரிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர், முன்னால் குறைந்தது 60 சென்ரிமீற்றர் வெளி வேண்டும். தொடர்மாடிகளில் ஏசிக்கென்று ஒதுக்கிய, முன்னால் சட்டம் அடித்து மறைத்த மாடங்களில் இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். இன்னும் 6 அடி குழாய்க்குக் காசு கொடுத்துத் திறந்த பக்கம் வைப்பது நல்லது. வாங்கும் குழாயின் சுவர்த் தடிப்பு 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். மெலிந்த குழாய் வளைவில் மடங்கும். யந்திரத்தோடு வரும் காஸ் எத்தனை மீற்றருக்குப் போதும் என்று வெளியலகுத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அதைத் தாண்டினால் மீற்றருக்கு 20 கிராம் அளவில், தராசில் நிறுத்துச் சேர்க்க வேண்டும்.

இரண்டு குழாய்க்கும் தனித்தனி நுரை உறை வேண்டும். மெல்லிய குழாய் சூடானது, அதற்கு உறை தேவையில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வகை ஸ்ப்ளிட்டில் விரிவு வால்வு வெளியலகுக்குள் இருப்பதால் மெல்லிய குழாயும் குளிர்ந்துதான் வருகிறது. கொழும்புக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, 25, 26 பாகை. அதைவிடக் குளிர்ந்த எதுவும் வியர்க்கும். உறையில்லாத குழாய் சீலிங்குக்கு மேலே ஓடினால் ஒரு மாதத்தில் சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரியும்.

வடிகுழாய்க்கு நூறுக்கு ஒன்று சரிவு போதும், ஆனால் நடுவில் ஓரிடத்திலும் மேலே ஏறக் கூடாது. முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கவும் கூடாது. மின்சாரத்துக்கு மெயின் போர்டிலிருந்தே தனி வயர். ஹாட்வெயார் கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவார்கள், 2.5 சதுர மில்லிமீற்றர். தனி எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல ஏர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். சுவர்ப் பிளக்கில் சொருகி ஃப்ரிட்ஜோடு பகிர வேண்டாம். கொழும்பு நகரில் இன்வெர்ட்டருக்கு ஸ்டெபிலைசர் பெரும்பாலும் அநாவசியம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் காலத்தில் சர்க்கிட் போர்டைக் காக்க ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் பொருத்துவதுதான் பயன்.

பொருத்தி முடித்தபின் வீட்டுக்காரரே செய்யக்கூடிய சோதனை இரண்டு உண்டு. 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, மேலே காற்றை இழுக்கும் இடத்திலும் கீழே ஊதும் இடத்திலும் வெப்பமானி வையுங்கள். 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் எளிது, எங்களுக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வடிகுழாய் முனையில் ஒரு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை வையுங்கள். புழுக்கமான மாலையில், மூடியிருந்த அறையில் ஏசியைப் போட்டால் முதல் பத்து நிமிடம் கொயில் நனையும், பிறகு சொட்டத் தொடங்கும், அதன்பின் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் அளவு சேர வேண்டும். கால் போத்தலும் நிரம்பவில்லை என்றால் காஸ் குறைவு, அல்லது அறையின் தண்ணீர் வேறெங்கோ வடிகிறது.

உப்புக்காற்று

மரைன் டிரைவ் பக்கத்து வீடுகள், தெஹிவளை, கல்கிசைக் கடலோரம், முகத்துவாரம் இங்கெல்லாம் வெளியலகில் முதலில் அடிபடுவது கொம்பிரசர் அல்ல, அலுமினியத் தகடுகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று உப்பைக் கொண்டுவந்து நேராக அதன் முதுகில் படிய வைக்கும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பற்றரி, அரிபடுவது அலுமினியம். பாதிக்கப்பட்ட வெளியலகின் பின்பக்கத்தை விரலால் தொட்டால் வெள்ளை மா போல உதிரும். வெளியே சட்டகம் பளபளப்பாகவே இருக்கும், விசிறி சுற்றும், ஆனால் தகடு குழாயை விட்டுப் பிரிந்திருப்பதால் சூடு வெளியேறாது. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது, பில் மட்டும் வரும்.

கடையில் 'ப்ளூ ஃபின்', 'கோல்ட் ஃபின்' என்று நிறத்தைக் காட்டுவார்கள். அது தகட்டின் மேலுள்ள பூச்சு. உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கேட்க வேண்டிய கேள்வி: வெளியலகின் குழாய் செம்பா, அலுமினியமா? கடலோரத்துக்குச் செம்பைத்தான் பரிந்துரைப்போம், கசிந்தால் ஒட்டவைத்துச் சரிசெய்ய முடியும் என்பதால். முடிந்தால் வெளியலகைக் கடலுக்கு மறுபக்கச் சுவரில் வையுங்கள். மாதம் ஒரு தடவை, பருவக்காற்றுக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். கார் கழுவும் வேகப் பம்ப் வேண்டாம், தகடு மடங்கும். தாங்கும் பிராக்கெட்டையும் மறக்கக் கூடாது. இலவசப் பொதியில் வருவது பெயின்ற் அடித்த இரும்பு. கடலோரத்தில் அது துருப்பிடித்து, 25, 30 கிலோ எடையுள்ள வெளியலகு ஒழுங்கைக்கு மேலே தொங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிராக்கெட், அதே உலோகத்தில் போல்ட். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பில்

மின்சாரக் கட்டண வீதம் அடிக்கடி மாறுவதால் யூனிட்டில் சொல்கிறோம். 12,000 இன்வெர்ட்டர் முதல் மணித்தியாலத்தில் 0.9 யூனிட் அளவு எடுக்கும். அறை அடங்கியபின் மணிக்கு 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணித்தியாலத்துக்கு 3.7 யூனிட், மாதத்துக்கு 110 அளவு. ஏற்கெனவே 100 யூனிட் பாவிக்கும் வீடு 210க்குப் போகும். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 180க்கு மேல்தான் மிக உயர்ந்த படி. அலகு விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்தே ஏறும். ஆக இந்த ஏசியின் பில்லைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி 30 யூனிட். 26 பாகையில் வைத்து மேலே சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பல வீடுகளில் அந்த 30 யூனிட்டைத் தவிர்க்கலாம்.

18 பாகையில் போட்டால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. முழு வேகத்துக்கு மேல் வேகமில்லை. 18 என்று சொன்னால் அது நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். இன்னொரு தீமையும் உண்டு. அறைச்சுவர் வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால், சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத அடுத்த அறையில், வியர்க்கத் தொடங்கும். அந்தப் பக்கம் அலுமாரி இருந்தால் அதன் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்கால இரவில் வெப்பம் குறைந்து புழுக்கம் மட்டும் இருந்தால் ரிமோட்டில் 'டிரை' போடுங்கள், பலர் தொடாத நல்ல பொத்தான் அது. விசிறி வேகத்தைக் கூட்டினால் காற்று கொயிலில் நிற்கும் நேரம் குறைந்து ஈரம் எடுப்பதும் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைஃபை, அயனைசர், ஏழு விதக் காற்று, வைட்டமின் ஃபில்ட்டர்: எதற்கும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

சேர்விஸ்

ஃபில்ட்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கழுவி நிழலில் உலர்த்திப் போடலாம். ஃபில்ட்டர் அடைத்தால் காற்று குறையும், கொயில் உறைந்து பனிக்கட்டி பிடிக்கும், நிறுத்தியதும் அது உருகிக் கட்டிலில் சொட்டும். உள்ளலகிலிருந்து தண்ணீர் சொட்டினால் பத்தில் எட்டு ஒன்பது தடவை வடிகுழாயில் வழுவழுப்பான பாசி அடைத்திருப்பதுதான் காரணம். அதை உறிஞ்சி எடுத்தால் தீரும், காஸோடு சம்பந்தமில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் முழுச் சேர்விஸ் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். உள்ளே உருளை போலச் சுற்றும் விசிறியின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் கறுத்த அழுக்கு அப்பியிருக்கும். ஈரத் துணி நாற்றம் வருவது அங்கிருந்துதான். சர்க்கிட் போர்டைப் பொலித்தீனால் மூடி, கீழே தண்ணீர் பிடிக்கும் பை கட்டி, கொயிலை மேலிருந்து கீழே கழுவி, அந்த உருளையை இதழ் இதழாகத் துலக்கி, கடைசியில் வடிகுழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் அது சேர்விஸ். இருபது நிமிடத்தில் ஃபில்ட்டரைத் தட்டி, வெளியலகுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, "காஸ் கொஞ்சம் குறைவு, போட்டுவிடவா?" என்று கேட்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். காஸ் தேய்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாயில் அது சுற்றிக்கொண்டேயிருக்கும். குறைந்தால் எங்கோ துவாரம். முதலில் துவாரத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். மேலும், இன்வெர்ட்டரில் கொம்பிரசர் வேகத்தோடு அழுத்தமும் மாறுவதால் மீற்றர் முள்ளை மட்டும் பார்த்துக் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சரியான வழி உள்ளதை முழுதாக எடுத்து, தகட்டில் எழுதியிருக்கும் எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது.

ஆர் 32 தீப்பிடிக்குமே என்று பயப்படுபவர்களுக்கு: ஓரளவு எரியக்கூடியதுதான். ஆனால் எரிய வேண்டுமானால் ஒரு கன மீற்றர் காற்றில் 0.307 கிலோ கலக்க வேண்டும். யந்திரத்தில் இருக்கும் 0.7 கிலோ முழுதும் மேலே சொன்ன அறைக்குள் கசிந்து ஒரே சீராகப் பரவினாலும் அந்த அளவில் இருபதில் ஒரு பங்குதான் வரும். கவனம் வேண்டியது பழுதுபார்க்கும் நேரத்தில்: காஸை முழுதாக எடுக்காமல் குழாயில் நெருப்பு வைத்து ஒட்டக் கூடாது.

உத்தரவாதம்

'கொம்பிரசருக்கு 10 வருடம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். கொழும்பில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கொம்பிரசர் அல்ல. உப்பில் கசியும் கொயில், அல்லது இடியிலோ பல்லி புகுந்தோ எரியும் சர்க்கிட் போர்ட். அந்த இரண்டுக்கும் எத்தனை வருடம், துரு விலக்கப்பட்டிருக்கிறதா, வெளியலகின் போர்ட் கையிருப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரே விலையில் இரண்டு பிராண்ட் இருந்தால் தெரிவைத் தீர்மானிக்க வேண்டியது இந்தப் பதில். பொருத்திய அன்று உள்ளலகு, வெளியலகு இரண்டின் தொடர் இலக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். வெயிலில் நிற்கும் வெளியலகின் ஸ்டிக்கர் சில வருடத்தில் வெளுத்துப்போகும். இலக்கம் வாசிக்க முடியாத யந்திரத்துக்கு உத்தரவாதம் கேட்பது பெரும் பாடு.